கிராபிக்ஸ் கார்டின் நினைவகமும் நீர்க்குளிர்ச்சியும்

கணிப்பொறியின் உறுப்புகள் பலவற்றுள்ளும் இக்காலத்து மாணவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்து நிற்பது கிராபிக்ஸ் கார்டு ஆகும். திரையில் தோன்றும் உருவங்களைக் கணித்துத் தீட்டுதலே இதன் தொழிலாக முதலில் அமைந்தது. இப்பொழுதோ விளையாட்டு, திரைப்பட வேலை, விஞ்ஞானக் கணக்கு, செயற்கை அறிவு ஆகிய பலவற்றிற்கும் இதுவே துணையாகின்றது. இக்கார்டினைச் செய்தோர் விதித்த வேகத்திற்கு மேலும் அதனை ஓட்டிப் பார்க்கும் முயற்சிக்கு ஓவர்க்ளாக்கிங் என்பது பெயர். வேகம் மிக, வெப்பமும் மிகும்; வெப்பம் மிக, பிழை தோன்றும். ஆதலின் இம்முயற்சியில் இறங்குவோர் காற்றாடியை நீக்கிவிட்டு, குழாய் வழியே நீரை ஓடவிட்டுக் கார்டைக் குளிர்விக்கத் தலைப்படுகின்றனர். அங்ஙனம் செய்வோருள் ஒரு சாரார் கார்டின் நடுவே அமைந்த பெரிய சில்லினையே கருத்திற் கொண்டு, அதனைச் சூழ்ந்து நிற்கும் நினைவகச் சில்லுகளை மறந்துவிடுகின்றனர். மற்றொரு சாராரோ, நினைவகத்தின்மீதும் நீரைச் செலுத்திவிட்டால் அதன் வேகம் வரம்பின்றி ஏறும் என நம்பிப் பெரும்பொருளைச் செலவிடுகின்றனர். நினைவகத்திற்கு நீர் செய்யும் உதவி யாது, செய்யமாட்டாதது யாது என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். இக்கட்டுரையில் டிகிரி எனக் கூறப்படுவன யாவும் சென்டிகிரேடு அளவே.

முதலாவது, கார்டின் அமைப்பை நோக்குவோம். குளிர்விக்கும் உலோகப் பகுதியைக் கழற்றினால் நடுவில் ஜி.பி.யு. என்னும் பெருஞ்சில்லும், அதனைச் சுற்றி மூன்று நான்கு பக்கங்களில் கறுத்த சிறு ஓடுகள்போல் நினைவகச் சில்லுகளும் தோன்றும். கணக்கிடுவது பெருஞ்சில்லு, கணக்கிற்கு வேண்டிய எண்களை ஏந்தி நிற்பன சிறுசில்லுகள். இவை பெருஞ்சில்லினை நெருங்கி நிற்பதற்குத் தக்க காரணம் உண்டு. இங்கே கம்பிவழிச் செல்லும் ஒவ்வொரு மின்குறியும் தங்கும் காலம் ஒரு வினாடியை ஆயிரங்கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே. அச்சிறு பொழுதில் மின்குறி அட்டையில் ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவே செல்ல இயலும். கம்பி நீளுமாயின் ஒரு குறி போய்ச் சேருமுன் அடுத்தடுத்த குறிகள் புறப்பட்டு, ஒன்றன் சாயல் மற்றொன்றிற் படிந்து குழப்பம் விளையும். எனவே, உலையைப்போற் சுடும் பெருஞ்சில்லின் பக்கத்திலேயே நினைவகம் குடியிருக்க வேண்டியதாயிற்று.

எடுத்துக்காட்டாக ஒரு கார்டைக் கொள்வோம். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் என்விடியா கம்பெனியார் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3090 என்பது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. இதில் 24 ஜிகாபைட் நினைவகம் உண்டு. ஒரு சில்லுக்கு ஒரு ஜிகாபைட் வீதம் 24 சில்லுகள். அவற்றுள் 12 முன்புறத்தும் 12 அட்டையின் பின்புறத்தும் வைக்கப்பட்டன. பெருஞ்சில்லுக்கும் இவற்றிற்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் கம்பிகள் 384. ஒவ்வொரு கம்பியும் ஒரு வினாடிக்கு 1950 கோடி பிட்டுகளைக் கடத்தும். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுப்பின், ஒரு வினாடியில் 936 ஜிகாபைட் போக்குவரத்து நடைபெறுவது புலனாகும். இவ்வேகத்தை 1950 கோடியிலிருந்து 2100 கோடியாக உயர்த்தினால் போக்குவரத்து 1008 ஜிகாபைட் ஆகும். அஃதாவது நூற்றுக்கு ஏழே முக்கால் அளவு ஏற்றம். ஆனால் விளையாட்டில் திரைப்படங்கள் அதே வீதத்தில் விரைந்து வரும் எனக் கருதுதல் தவறு. பெருஞ்சில்லு எண்களுக்காகக் காத்து நிற்கும் இடங்களில் மட்டுமே இந்த ஏற்றம் பயன்படும். கணக்கே சுமையாய் இருக்கும் இடங்களில் பயன் சிறிதே. நினைவகத்தை ஓவர்க்ளாக் செய்வோர் இவ்வரம்பினை முன்னரே உணர்ந்திருத்தல் நலம்.

நிற்க. வெப்பம் நினைவகத்தை எங்ஙனம் தாக்குகின்றது என்பதை இனிக் காண்போம். இந்நாளைய கணிப்பொறி நினைவகத்தின் மூலக்கருத்து ஐ.பி.எம். கம்பெனியில் பணிபுரிந்த இராபர்ட் டென்னார்ட் என்பவர் 1966இல் கண்டது. 1968இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் போதும் என்பதே அவர் கண்ட எளிமை. மின்தேக்கியில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று, இல்லையேல் பூஜ்யம். ஆனால் இம்மின்தேக்கி அடியில் ஓட்டையுள்ள குடம் போன்றது. நிரப்பிய மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் முழுவதும் வடியுமுன் அதனைப் படித்து மீண்டும் நிரப்புதல் வேண்டும். பொதுவாக மேசைக் கணிப்பொறிகளில் வழங்கும் டி.டி.ஆர்.4 நினைவகங்களில் இந்நிரப்பு வேலை 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை முழுவதும் நடந்தேற வேண்டும் என்பது விதி. வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டினால் அதே வேலை 32 மில்லிவினாடிக்கு ஒரு முறை நடைபெற வேண்டும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் விரைவதே இதற்குக் காரணம். நிரப்பும் பொழுதில் அப்பகுதி கேட்டதற்கு விடை தரமாட்டாது. கிராபிக்ஸ் நினைவகங்கள் வேறு வகையாகச் செய்யப்படினும் அவற்றின் உள்ளுறுப்பும் இவ்வோட்டைக் குடங்களே.

கசிவோடு தொல்லை தீர்வதில்லை. உலோகக் கம்பியின் மின்தடை வெப்பத்தால் உயரும். டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் நேரமும் மாறும். இவை ஒவ்வொன்றும் மிகச் சிறிய மாறுதலே எனினும், குறி தங்கும் காலமோ அவற்றினும் சிறியதாய் விட்டமையால், இம்மாறுதல்கள் பிழையாக முடிகின்றன. மேற்கூறிய 3090 கார்டில் உள்ள ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் என்னும் நினைவகம் மைக்ரான் கம்பெனியாரின் படைப்பு. முன்னிருந்த நினைவகங்கள் கம்பியில் மின்னழுத்தத்தின் இரு நிலைகளையே குறியாகக் கொண்டன. இதுவோ நான்கு நிலைகளைக் கொண்டு ஒரே குறியில் இரண்டு பிட்டுகளை அனுப்புகின்றது. தொலைவில் நிற்பவன் ஒரு விளக்கு எரிகின்றதா அணைந்ததா என்று சொல்லுதல் எளிது. அவ்விளக்கு முழுதும் எரிகின்றதா, முக்காலா, காலா, அணைந்ததா என்று நொடிப்பொழுதில் சொல்லுதல் அரிது. நிலைகளுக்கு இடையே உள்ள வெளி மூன்றில் ஒன்றாய்க் குறுகிவிட்டது. குறுகிய அவ்வெளியில் சிறு கலக்கமும் பெரிதாய்த் தோன்றும். வெப்பத்தினால் வரும் மாறுதல் அத்தகைய கலக்கங்களுள் ஒன்று.

ஒன்று எனக் கூறினோமே யன்றி, அதுவே முழுவதும் எனக் கூறினோமில்லை. சில்லின் உட்கட்டமைப்பு, அட்டையிற் பதிந்த கம்பிகளின் ஒழுங்கு, பெருஞ்சில்லின் ஓரத்தே நினைவகத்தைக் கட்டியாளும் பகுதியின் திறன், மின்னழுத்தத்தின் தூய்மை ஆகியனவும் வேகத்திற்கு எல்லை கோலுகின்றன. இவற்றை நீர் மாற்றாது. ஒரு கார்டு ஏறக்கூடிய வேகத்தின் எல்லை அதன் பிறப்பிலேயே பெரும்பாலும் குறிக்கப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். 60 டிகிரியில் அமைதியாக ஓடும் நினைவகத்தை நீர்கொண்டு 45 டிகிரிக்கு இறக்கினால் வேகம் சிறிது கூடலாம், கூடாமலும் இருக்கலாம். நினைவகத்தைக் குளிர்வித்தல் வேகத்தை உண்டாக்குவது என்பதினும், வெப்பம் பறித்துக்கொள்ளும் வேகத்தை மீட்டுத் தருவது என்று கூறுதலே பொருத்தமாம். பறிப்பு மிகுதியாய் உள்ள இடத்தில் மீட்பும் மிகுதி.

அத்தகைய பறிப்பு நிகழ்ந்த இடம் 3090 கார்டின் பின்புறம். முன்புறத்துச் சில்லுகளின்மீது பெரிய உலோகக் குளிர்விப்பானும் காற்றாடியும் இருந்தன. பின்புறத்துப் பன்னிரண்டிற்கோ ஒரு தட்டையான உலோகத் தகடே துணை. ஒரு சில்லு வெளியிடும் வெப்பம் இரண்டு மூன்று வாட் அளவே எனினும், அட்டையின் மறுபுறத்தில் அதே இடத்தில் மற்றொரு சில்லு, பக்கத்தில் பெருஞ்சில்லு, சுற்றிலும் மின்சாரத்தைச் சீர்செய்யும் உறுப்புகள். முழுக் கார்டும் 350 வாட் மின்சாரத்தை உண்பது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்னும் மென்பொருள் ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் சில்லுகளின் உள்வெப்பத்தைக் காட்டத் தொடங்கியபோதே பலரும் உண்மையை அறிந்தனர். பெருஞ்சில்லு 65 அல்லது 70 டிகிரியில் சுகமாய் இருக்க, நினைவகமோ 100 டிகிரியைத் தாண்டி நின்றது. அஃது 110 டிகிரியை எட்டினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்காலத்தில் ஈதீரியம் என்னும் நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டும் வேலைக்கு இக்கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினர். அவ்வேலை பெருஞ்சில்லினும் நினைவகத்தையே ஓயாது வருத்துவது. (2022 செப்டம்பரில் ஈதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு அத்தொழிலும் முடிந்தது.) இங்ஙனம் வெந்த கார்டுகளில், பின்புறத்தைக் குளிர்வித்த மாத்திரத்தில், ஓவர்க்ளாக் ஒன்றும் செய்யாமலே இழந்த வேகம் திரும்பி வந்தது.

இனி, நீரின் பெருமையைச் சிறிது பேசுவோம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரே பருமனுள்ள காற்றையும் நீரையும் ஒப்பிட்டால், ஒரு டிகிரி ஏற்றத்திற்கு நீர் ஏந்திச் செல்லும் வெப்பம் காற்று ஏந்துவதைப்போல் ஏறத்தாழ 3500 மடங்கு. கணக்கிட்டுப் பார்ப்போம். பம்பு ஒரு நிமிஷத்திற்கு ஒரு லிட்டர் நீரை ஓட்டுவதாகக் கொள்க. அஃது ஒரு வினாடிக்கு 16.7 கிராம், ஆதலின் ஒரு டிகிரி ஏற்றத்திற்கு 70 வாட் வெப்பத்தைக் கொண்டுசெல்லும். கார்டின் 350 வாட்டும் அதனுள் இறங்கினாலும் நீர் உள்ளே புகுந்தபோது இருந்ததைக் காட்டிலும் வெளியே வரும்போது ஐந்து டிகிரியே மிகுந்திருக்கும். இத்தகைய எளிய ஓட்டமே போதுமாயிருக்க, இன்னும் பெரிய பம்பு வேண்டும் என்று சிலர் வீண்செலவு செய்வது ஏனோ தெரியவில்லை. நீர் கொண்ட வெப்பத்தை ரேடியேட்டர் காற்றிற்கு ஒப்புவிக்கும். ரேடியேட்டர் தக்க அளவினதாயின், நீர் அறைக் காற்றினும் 10 முதல் 15 டிகிரி மிகுந்து நிற்கும். அறை 35 டிகிரியாய்க் கொதிக்கும் நம் நாட்டுச் சித்திரை மாதத்தில் நீர் 50 டிகிரியை அண்டுதல் இயல்பு. அறைக் காற்றினும் நீரைக் குளிரச்செய்ய ரேடியேட்டரால் ஒருபோதும் இயலாது.

இவ்வாறு நீர் தன் கடமையைக் குறைவறச் செய்யும். தடை வேறோரிடத்தில் உள்ளது. பெருஞ்சில்லும் நினைவகச் சில்லுகளும் ஒரே உயரத்தன அல்ல. பெருஞ்சில்லின்மேல் செம்புக்கட்டை மெல்லிய பசைப் படலத்தோடு நேரே அமர்கின்றது. நினைவகத்தின்மேலோ சிறிது இடைவெளி விடப்பட்டு, அவ்விடைவெளியில் தெர்மல் பேட் என்னும் மெத்தென்ற துண்டு வைக்கப்படும். வெப்பம் சில்லிலிருந்து நீருக்குச் செல்ல இதனைக் கடந்தே தீரவேண்டும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் அளவு ஏறத்தாழ 400. நல்ல பேட்டின் அளவு பத்தினை ஒட்டியும், மலிவானதன் அளவு ஒன்றரையாகவும் இருக்கும்.

இங்கும் ஒரு சிறு கணக்கு வேண்டும். நினைவகச் சில்லு 12 மில்லிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அது 3 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகவும், அவ்வளவும் மேல்முகமாகவே செல்வதாகவும் கொள்வோம். கடத்துதிறன் ஒன்றரையுள்ள 2 மில்லிமீட்டர்ப் பேட்டினை இட்டால், அப்பேட்டின் இருமுகங்களுக்கிடையே மட்டும் 24 டிகிரி வேறுபாடு தோன்றும். கடத்துதிறன் மூன்றுள்ள 1 மில்லிமீட்டர்ப் பேட்டாயின் வேறுபாடு 6 டிகிரி. கடத்துதிறன் ஆறுள்ள பேஸ்டினைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்ப் படலமாய்ப் பூச இயலுமாயின் அரை டிகிரிக்கும் குறைவு. நீரை ஐந்து டிகிரி குளிர்விக்க மற்றொரு ரேடியேட்டர் வாங்குவோன், பேட்டினை மாற்றுவதனால் அதனினும் மூன்று மடங்கிற்குமேற் பெறலாம் என்பது இதனாற் பெறப்படும். நீருக்கும் சில்லுக்கும் இடையே கிடக்கும் அந்தச் சாம்பல்நிறத் துண்டின்மீதே முயற்சியின் பயன் பெரும்பாலும் தங்கியிருக்கின்றது. ஆயினும் கடைகளில் பேசப்படுவதெல்லாம் குழாயின் நிறமும் விளக்கின் அழகுமே.

உயரம் ஒவ்வாத பல சில்லுகளை ஒரே தட்டினாற் குளிர்விக்கும் இத்தொல்லை புதியதன்று. 1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட 3081 என்னும் பெருங்கணிப்பொறியில், பீங்கான் போன்ற ஒரு தளத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. சில்லுகள் யாவும் சமமாக அமர்தல் இயலாது என்பதை அறிந்த அவர்கள், ஒவ்வொரு சில்லின் முதுகிலும் வில்கம்பியால் அழுத்தப்படும் ஓர் அலுமினிய முளையை நிறுத்தினர். முளைகளின் இடைவெளிகளில் காற்றினும் நன்கு வெப்பங்கடத்தும் ஹீலியம் வாயுவை நிரப்பினர். மேலே நீர் ஓடும் தட்டு அமைந்தது. ஒரு சில்லு சற்றுத் தாழ்ந்தாலும் அதன் முளை இறங்கிச் சென்று தொடும். 1985இல் வெளிவந்த கிரே-2 என்னும் பொறியைச் செய்தோர், தொடும் வேலையையே வேண்டாமென ஒதுக்கி, மின்கடத்தாத ஃபுளோரினர்ட் திரவத்தில் சுற்றுகளை முழுவதும் அமிழ்த்தினர். அவ்விரு வழிகளும் ஒரு மாணவன் கைக்கு எட்டாதவை. அவனுக்குக் கிடைப்பது பேட் ஒன்றே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2015 ஜூன் மாதத்தில் ஏ.எம்.டி. கம்பெனியார் வெளியிட்ட ரேடியான் ஆர்9 ஃப்யூரி எக்ஸ் என்னும் கார்டில் எச்.பி.எம். என்னும் அடுக்கு நினைவகம் அமைந்தது. சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, அவ்வடுக்குகள் நான்கினைப் பெருஞ்சில்லோடு ஒரே தளத்தில் அருகருகே பதித்தனர். கம்பிகள் 4096, ஒவ்வொன்றும் வினாடிக்கு 100 கோடி பிட்டுகளே கடத்தினும் மொத்தம் 512 ஜிகாபைட் ஆயிற்று. இக்கார்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நீர்க்குளிர்ச்சியுடன் வந்தது. பெருஞ்சில்லினை மூடும் அதே செம்பு நினைவகத்தையும் மூடியது. நினைவகத்தைத் தனியே குளிர்விக்கும் வினாவே எழவில்லை. ஆயினும் அவ்வகை நினைவகம் விலை மிக்கது. அதனால் வீட்டுக்கார்டுகள் பெரும்பாலும் பழைய வழியிலேயே நிற்கின்றன.

ஆதலால் அக்கார்டுகளுக்கு நீர்வழி அமைப்போர் முதலில் தீர்மானிக்க வேண்டுவது நீர்க்கட்டையின் வகையையாம். வாட்டர் பிளாக் என வழங்கும் இக்கட்டைகள் இருவகை. ஒன்று, பெருஞ்சில்லினை மட்டும் மூடும் சிறுகட்டை. பல கார்டுகளுக்கும் பொருந்துவது, விலை குறைந்தது. மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட கார்டின் அட்டைக்கென்றே அளந்து கடையப்பட்டு நினைவகத்தையும் மின்சீர் உறுப்புகளையும் சேர்த்து மூடும் முழுக்கட்டை. சிறுகட்டையில் ஒரு சூழ்ச்சி மறைந்திருக்கின்றது. பழைய குளிர்விப்பானில் நினைவகத்தின்மீது உலோகமும் அதன்மீது காற்றும் இருந்தன. அதனைக் கழற்றிச் சிறுகட்டையைப் பூட்டியதும் அவ்விரண்டும் போய்விட்டன. பெருஞ்சில்லு 45 டிகிரிக்கு இறங்கியது கண்டு உரிமையாளர் மகிழ்வர்; பக்கத்தில் ஆடையின்றி நிற்கும் நினைவகம் முன்னினும் சுடுவதை அவர் காண்பதில்லை. பின்னர் வேகத்தை ஏற்றித் திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும்போது கார்டின்மேற் குறை கூறுவர். சிறுகட்டையே பூட்டவேண்டும் என்பார், நினைவகத்தின்மீது சிறு ஹீட்சிங்க் துண்டுகளை ஒட்டி, ஒரு காற்றாடி அவற்றை நோக்கி வீசும்படி அமைத்தல் வேண்டும். அத்துண்டுகளை ஒட்டும் பசை நன்றாக இருத்தல் அவசியம். சூட்டில் பசை இளகி உலோகத்துண்டு கீழே விழுந்தால், அது விழும் இடத்தைப் பொறுத்துக் கார்டின் ஆயுள் அன்றே முடியவுங்கூடும்.

முழுக்கட்டையைப் பூட்டுவோர்க்கும் எச்சரிக்கை உண்டு. பேட்டின் கனம் கட்டை செய்தோர் குறித்த அளவாகவே இருத்தல் வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தால் நினைவகத்தைத் தொடாது. அரை மில்லிமீட்டர் மிகுந்தால் விளையும் தீங்கு அதனினும் பெரிது: தடித்த பேட் கட்டையைத் தூக்கிப் பிடிக்க, பெருஞ்சில்லின்மேற் செம்பு அழுந்தாது, நினைவகத்திற்கு நன்மை செய்யப்போய்ப் பெருஞ்சில்லினைச் சுட்ட கதையாகும். திருகை மேலும் மேலும் முறுக்கினால் அட்டை வளைந்து, சில்லின் அடியில் உள்ள ஈயக்குமிழ்கள் பிளக்கும். எனவே ஒருமுறை பூட்டி, மெல்லக் கழற்றி, ஒவ்வொரு பேட்டிலும் சில்லின் சதுரத் தடம் பதிந்துள்ளதா, பெருஞ்சில்லின்மேற் பசை மெல்லியதாய்ப் பரவியுள்ளதா என்று பார்த்த பின்னரே நீரை நிரப்புதல் முறை. 3090 போன்ற கார்டாயின் பின்புறத் தகட்டிற்கும் பேட் வேண்டும். 2021இல் சில கட்டை செய்வோர் பின்புறத்திலும் நீர் ஓடும் தட்டினைச் செய்து விற்றனர். பின்புறச் சில்லுகளின் கொதிப்பை நேரே தணித்தது அதுவே. அது கிடைக்காதார் பின்தகட்டின்மேல் ஒரு காற்றாடியை வைத்தாலும் கணிசமான குறைவு காணலாம். கழற்றுமுன் உத்தரவாதப் பத்திரத்தைப் படித்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

நீரைப்பற்றி வழங்கும் இரு தவறான எண்ணங்களை இங்கே சுட்டுதல் தகும். வாலைநீர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஒழுகினாலும் கேடில்லை என்பர் சிலர். புட்டியில் உள்ளவரை அது பெரும்பாலும் உண்மையே. செம்பிலும் ரேடியேட்டரிலும் சில நாள் ஓடிய நீர் உலோகத் துகள்களையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு மின்கடத்தியாகிவிடும். அட்டைமேற் படிந்த தூசியும் அதற்கு உதவும். ஆதலின் புதிதாய்ப் பூட்டிய குழாய்களில், கார்டிற்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, இணைப்புகளின் அடியில் வெள்ளைத் தாளை விரித்து வைத்து ஈரம் படுகின்றதா எனப் பார்த்தல் நன்று. செம்புக்கட்டையோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பதும் ஆகாது. இரண்டும் ஒரே நீரில் நிற்பின் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டாவது எண்ணம், நீரில் பனிக்கட்டியை இட்டால் இன்னும் நன்றாகும் என்பது. காற்றின் பனிநிலைக்குக் கீழே குழாயும் கட்டையும் குளிர்ந்தால் அவற்றின்மேல் நீர்த்துளி படியும். கடற்கரையூர்களில் அப்பனிநிலை 25 டிகிரியை அண்டி நிற்பதுண்டு. சாதாரண ரேடியேட்டரால் இவ்வபாயம் இல்லை. நீர் அறையினும் குளிராததே அங்கே பாதுகாப்பு. திரவ நைட்ரஜனைக்கொண்டு சாதனை செய்வோர் வேறு வகையினர். அவர்களும் நினைவகத்தை அளவிற்குமேற் குளிரவிடுவதில்லை; மிகுகுளிரில் அஃது இயங்க மறுக்கும்.

எல்லாம் அமைந்த பின் வேகத்தை உயர்த்தும் முறை யாதெனின் கூறுவாம். முதலில், ஒன்றும் உயர்த்தாமல், நினைவகத்தை வருத்தும் ஒரு சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டி உள்வெப்பத்தைக் குறித்துக்கொள்க. கட்டையைப் பூட்டுமுன்னும் இதே சோதனை செய்து எழுதிவைத்திருப்பின், நீரால் வந்த பயன் இவ்வளவென்று எண்ணாகவே தெரியும். பின்னர்ச் சிறு சிறு படியாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதனையின் மதிப்பெண்ணை எழுதுக. திரையில் புள்ளி தோன்றவில்லை என்பதைமட்டும் நம்பலாகாது. 2008இல் ரேடியான் எச்.டி. 4870 கார்டோடு வெளிவந்த ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்திலேயே, கம்பியில் வரும் செய்தியின் பிழையைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பச்செய்யும் ஏற்பாடு இருந்தது. அஃது நன்மையே எனினும் ஓவர்க்ளாக் செய்வோனை ஏமாற்றுவது. வேக எண் ஏறும். திரை தூய்மையாய் இருக்கும். ஆனால் மறுபடி மறுபடி அனுப்புவதிலேயே நேரம் கழிந்து, மதிப்பெண் இறங்கும். எந்தப் படியில் மதிப்பெண் ஏறாது நின்றதோ அதற்கு இரு படி கீழே இறங்கி நிலைபெறுதல் அறிவுடைமை. இச்சோதனையை இரவின் குளிர்ச்சியில் முடித்துவிட்டுத் திருப்தியடைதலும் கூடாது. நடுப்பகலில், நீர் முழுதும் சூடேறிய பின், மீண்டும் ஒரு முறை செய்தல் வேண்டும்.

இத்துணைச் செலவும் உழைப்பும் யாருக்குத் தகும்? ஏற்கெனவே 70 டிகிரிக்குக் கீழே நினைவகம் ஓடும் சாதாரணக் கார்டு உடையார்க்கு, நினைவகத்தின் வேகத்தை முன்னிட்டு நீரை நாடுதல் வீண் என்பதே எம் கருத்து. அப்பொருளைக்கொண்டு ஒருபடி மேலான கார்டே வாங்கலாம். நெடுநேரம் செயற்கை அறிவுக் கணக்குகளையும் படவேலைகளையும் ஓட்டுவோர்க்கும், நினைவகம் 100 டிகிரியை எட்டும் கார்டு உடையார்க்கும் கதை வேறு. அவர்க்கு நீர் தருவது நூற்றுக்கு இரண்டு மூன்று ஏற்றம் மட்டுமன்று. கொடுத்த வேகம் முழுநாளும் குறையாமல் நிற்றலும், காற்றாடியின் ஓசை தணிதலும், வெப்பத்தால் தேயும் உறுப்புகளின் ஆயுள் நீடித்தலுமாம். பேட்டினை மட்டும் மாற்றிப் பார்த்து, அதனாலும் போதாதபோதே கட்டை வாங்கச் செல்லுதல் சிக்கனமான வரிசை.

கார்டு செய்வோரும் வாளா இருந்திலர். 2022 மார்ச்சில் வந்த 3090 டி.ஐ. கார்டில் ஒரு சில்லுக்கு இரண்டு ஜிகாபைட் வீதம் 12 சில்லுகளே அமைந்தன. பன்னிரண்டும் முன்புறத்தில், குளிர்விப்பானின் நேர்கீழே நின்றன. அதன் நினைவக வேகம் 2100 கோடி பிட். முந்திய கார்டில் ஓவர்க்ளாக் செய்வோர் பாடுபட்டு நாடிய எண் இதில் விதித்த வேகமாகவே வந்தது. 2025 ஜனவரியில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090இல் ஜி.டி.டி.ஆர்.7 என்னும் புது நினைவகம் கம்பிக்கு 2800 கோடி பிட் வீதம் ஓடுகின்றது. நான்கு நிலைக் குறியை விட்டு மூன்று நிலைக் குறிக்கு இறங்கி, நிலைகளின் இடைவெளியை அகட்டிக்கொண்டதே அவர்கள் செய்த மாற்றம். அதன் பதினாறு சில்லுகளும் பெருஞ்சில்லினைச் சூழ்ந்து ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அவற்றிற்கும் செம்பிற்கும் நடுவே பேட் இன்னும் இருக்கின்றது.